கூப்பிடாமல் நுழைந்தவர்கள்

எங்கள் வீடு முதன்முதலாகக் கைநீட்டியது பெங்களூர்க் கம்பெனியின் மேனேஜர் மேல்தான். நான் அடுப்படியில் சீலாமீன் பொரித்துக்கொண்டிருந்தேன்; அவர் காலில் ஷூவோடு, காதில் போனோடு, வாசலில் நின்று ஒரு குரல்கூடக் கொடுக்காமல், ஏதோ மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் மாதிரி நிலைப்படியைத் தாண்டினார்; தாண்டிய கால் தரையில் படுவதற்குள், என் மாமனார் பர்மாத் தேக்கில் இழைத்துப் போட்ட வாசற்கதவு, காற்றே இல்லாத அந்தப் பங்குனி மத்தியானத்தில், ஒருமுறை பின்னால் போய், ஓங்கி, அவர் கன்னத்தில் அறைந்தது. ஜோடிக் கதவு மறு கன்னத்தைப் பார்த்துக்கொண்டது. அவர் கூடத்துக்குள் ஓட, ஈஸிசேர் காலை வாரிவிட, விழுந்தவர் எழுவதற்குள் கடல் பார்த்த ஜன்னல்கள் நான்கும் வரிசையாக வந்து முதுகில் விளாச, நான் கரண்டியோடு ஓடிவந்து, வளர்ந்த விதத்தில் வாயில் எது வருமோ அதுவே வந்து, "ஐயோ, வாங்க வாங்க, உக்காருங்க" என்றேன். மிக்ஸியை அணைத்த மாதிரி வீடு நின்றுபோயிற்று.

மேனேஜர் இரண்டு பற்களைக் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டு, "சீ ப்ரீஸ் நல்லாருக்கு மேடம், கெஸ்டுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். அப்படி ஒரு தொழில் பக்தி. ஆனாலும் அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து போன் வரவில்லை.

எங்கள் சிப்பித்துறையில் இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் பரவிவிட்டது, யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. டீக்கடை தஸ்நேவிஸ் அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீ வாங்கன்னு சொன்னியாம்மா?"

"எங்க சொல்ல? மீனு அடுப்புல கெடந்துது."

"அப்ப அடிக்கத்தாம் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவர் டீயை ஆற்றப் போய்விட்டார்.

எங்கள் ஊர் ஆண்கள் கப்பலுக்குப் போகிறவர்கள். வருடத்தில் பாதிக்கு மேல் எந்த வீட்டிலும் ஆண் வாடையே இருக்காது. அதனால் எந்தக் காலத்திலிருந்தோ ஒரு பழக்கம்: வீட்டுக்காரி உள்ளேயிருந்து "வாங்க" என்று கூப்பிடாமல் யாரும் நிலைப்படி தாண்டுவதில்லை. நற்கருணை கொண்டுவருகிற பங்குச்சாமியானாலும் சரி, கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவரானாலும் சரி, பத்து மாதம் கழித்துக் கப்பலிலிருந்து இறங்கிவரும் சொந்தப் புருஷனானாலும் சரி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் நிற்க வேண்டும். அவள் கூப்பிட வேண்டும். ஊருக்குள் அலைச்சறுக்கு விளையாட வெள்ளைக்காரர்களும், அவர்களைப் பார்க்கப் பெங்களூர்க்காரர்களும், அவர்களைப் பார்த்துக் கோயம்புத்தூர்க்காரர்களும் வர ஆரம்பித்து, கடல் பார்த்த வீட்டையெல்லாம் நாள்வாடகைக்கு எடுத்து நடத்தும் கம்பெனிகள் முளைத்த பிறகுதான் இந்தப் பழக்கம் தெரியாத கால்கள் எங்கள் தெருவில் நடமாட ஆரம்பித்தன.

நான் ஏன் கம்பெனி தேடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் கட்டுரையை விஷயத்தில் ஆரம்பிக்கச் சொல்லித்தான் எங்களைப் பழக்கினார். சுற்றி வளைத்தால் ஸ்கேல் விரல் மூட்டில் விழும். என் புருஷன் லெனார்டு கர்வாலோ அடிக்கிற ஆள். வருடத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார், இரண்டு மாதம் என் மேல் இருப்பார். முதல் வருடம் குழம்பில் உப்புக் கூடியதற்கு அடித்தார், அடுத்த வருடம் குறைந்ததற்கு அடித்தார், அதன் பிறகு காரணம் தேடுவதை அவரும் விட்டுவிட்டார், கேட்பதை நானும் விட்டுவிட்டேன். எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்பது எனக்கும் மாடிப்படிக்கும் தெரியும். பக்கத்து வீட்டு ஜெனோவா மைனிக்கும் தெரியும். எங்கள் சுவரும் அவள் சுவரும் ஒன்று. சத்தம் கேட்க ஆரம்பித்ததும் மைனி ரேடியோவைக் கூட்டி வைப்பாள். அது அவள் எனக்குச் செய்கிற மரியாதை. மறுநாள் மல்லித்தழை கேட்டு வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் தழையை மட்டும் பார்ப்பாள்.

அந்த லெனார்டு, இனிக் கப்பல் போதும், ஆகஸ்டில் மாதா கொடியேற்றத்துக்கு வருகிறேன், பிறகு போகமாட்டேன் என்று போனில் சொன்னார். பன்னிரண்டு மாதமும் வீட்டில்.

ஒன்று எனக்குத் தெரியும். ஆள் இருக்கிற வீட்டில் அவர் கை பூ மாதிரி இருக்கும். என் தங்கை மகள் பரீட்சை லீவுக்கு வந்து தங்கியிருந்தபோது அந்த மனுஷன் அவளுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தார், எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், "உங்க பெரியம்மா கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்றார். அவள் பஸ் ஏறிய சாயங்காலமே பாக்கியைத் தீர்த்துக்கொண்டார் என்பது வேறு. ஆகவே முன்கட்டு முழுக்க விருந்தாளி, பின்கட்டில் நாங்கள், நடுவில் ஒரு சுவர் என்று நான் திட்டம் போட்டேன். வந்த கம்பெனிக்காரர்கள் எல்லாரிடமும் நான் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு ராத்திரிகூட வீடு காலியா இருக்கக் கூடாது. முடியுமா, முடியாதா?" அவர்கள் என்னைப் பேராசை பிடித்தவள் என்று நினைத்து மரியாதையாகச் சிரித்தார்கள்.

இரண்டாவதாக வந்தது சென்னைக் கம்பெனி. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு பையன்; நான் கதவருகிலேயே நின்றதால் "வாங்க" சொல்லித் தப்பித்தான். நம்பர் போட்டால் திறக்கிற சின்ன இரும்புப் பெட்டி ஒன்றை வாசல் தூணில் அறைந்தான். சாவி அதற்குள் இருக்கும், விருந்தாளிக்கு நம்பர் போனில் போய்விடும், அவர்களே திறந்து அவர்களே நுழைந்துகொள்வார்கள்.

"மேடம், நீங்க வீட்டுல இருக்கிறதே கெஸ்டுக்குத் தெரியாது. வாங்கன்னுகூட நீங்க சொல்ல வேண்டியதில்ல."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இந்த வாசலில் நின்று சொல்லிய "வாங்க"க்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கலங்கரை விளக்கத்துக்கு மேலே போகும். மாமனாருக்கு, மாமனாரின் சீட்டாட்டக் கூட்டாளிகளுக்கு, பெரிய காரியத்துக்கு வந்தவர்களுக்கு, வந்த வேலை என்னவென்று கடைசிவரை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனவர்களுக்கு. இனி ஒரு பெட்டி எனக்காக வாயை மூடிக்கொண்டு கதவைத் திறக்கும் என்றதும் கையெழுத்துப் போட்டேன். போடும்போது பெங்களூர்க்காரரின் பல் ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. ஒருநாள் கோபம், வீட்டுக்கும் இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து நான்கு பையன்கள் முதலில் வந்தார்கள். நம்பரைத் தட்டினார்கள், சாவியை எடுத்தார்கள், பாட்டுப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கூச்சலோடு நுழைந்தார்கள். வீடு அவர்களை நுழையவிட்டது. நால்வரும் கூடத்துக்கு வந்து, கதவைத் தாழிடும்வரை காத்திருந்தது. பிறகு நடந்ததைப் பின்கட்டிலிருந்து நான் காதால் கேட்டேன்: பீரோக் கதவு ஒருவனைப் பிடித்து நசுக்கி நசுக்கி விடுகிற சத்தம், அம்மிக்குழவி அடுப்படியிலிருந்து தானே உருண்டு போய்ப் பாதங்களைத் தேடுகிற சத்தம், காத்தாடி தாழ இறங்கி இறக்கையால் மண்டையில் தட்டுகிற சத்தம், "அம்மா அம்மா" என்று நான்கு வளர்ந்த ஆண்கள் ஒரே சுருதியில் கத்துகிற சத்தம். நான் ஓடிப் போய் "வாங்க தம்பிகளா, வாங்க" என்று சொன்னதும் எல்லாம் அப்படியே நின்றது; குழவி மட்டும், பாதி வழியில் நிற்க மனமில்லாமல், கடைசியாக ஒரு சுண்டுவிரலைப் பார்த்துவிட்டு நின்றது. ஒருவனுக்குக் காறை எலும்பு, ஒருவனுக்கு விலா, ஒருவனுக்கு மூக்கு. நான்காவது பையன் எப்படியோ ஊஞ்சல் பலகைக்கு அடியில் புகுந்து தப்பித்திருந்தான். அவன்தான் பிறகு கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, "உண்மையான கிராமத்து வரவேற்பு, சாப்பாடும் அருமை" என்று எழுதினான்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு நடந்ததை ஊரே அறியும். தேனிலவுக்கு வந்த ஜோடியில் மாப்பிள்ளையை மட்டும் அடித்தது. அந்தப் பெண் படியிலேயே நின்று, "யாராவது இருக்கீங்களா" என்று கேட்டிருந்தாள். அவளை நான் கூப்பிட்டேன். அவனையும் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டேன்.

சிப்பித்துறை இதற்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். எலும்புக்கட்டு வைத்தியர் தன் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருமுனையில் மாட்டினார். தஸ்நேவிஸ் அண்ணாச்சி டீயோடு ஐஸ்கட்டியும் மஞ்சள் பற்றும் விற்றார். தவக்காலம் முடிவதற்குள் எங்கெங்கிருந்தோ பாவிகள் வந்து, கூப்பிடாதீங்கம்மா, கூப்பிட்டுராதீங்க என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நிலைப்படி தாண்டி அடி வாங்கிக்கொண்டு போனார்கள். பங்குச்சாமி பிரசங்கத்தில், கர்வாலோ வீட்டில் விழும் அடி ஒறுத்தல் முயற்சியாகாது, திருச்சபை அதை ஏற்கவில்லை என்று சொன்ன பிறகு கூட்டம் இரட்டிப்பாயிற்று. எங்கள் தெருப் பெண்கள் புருஷன்மாரிடம், "கர்வாலோ மைனி வீட்டுல போயி ஒரு கப்பு சீனி வாங்கிட்டு வாங்க, கதவு தொறந்துதான் கெடக்கும், நேரே அடுப்படிக்குப் போங்க" என்று நைசாகச் சொல்லி அனுப்பினார்கள். அடிபட்ட ஒரு பையனின் மாமா கொடுத்த புகாரை விசாரிக்க வந்த சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் நின்று, "அம்மா, விசாரணைக்குத்தான் வந்திருக்கேன், கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டேன். டீ குடித்தார். தவறி விழுந்தது என்று எழுதிக்கொண்டார். மற்ற வீடுகள் எதுவும் யாரையும் அடித்ததில்லை என்றாலும் ஊரில் எல்லாரும் எல்லா வாசலிலும் நிற்க ஆரம்பித்தார்கள். ரேஷன் கடை வாசலில் நின்றார்கள், பாங்கு வாசலில் நின்றார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் முழுச் சபையும் நின்றுகொண்டிருக்க, மணியடிக்கிறவர் வெளியே எட்டிப் பார்த்து "வாங்க" என்று சொன்ன பிறகுதான் பூசை தொடங்கியது.

சென்னைக் கம்பெனிக்காரர்கள் கடைசியாக ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். பேசுகிற டப்பா ஒன்றை வாசலில் வைத்து, என் குரலையே அதில் பிடித்து, கதவு திறந்ததும் அது "வாங்க வாங்க" என்று சொல்லும்படி செய்தார்கள். வீடு அதை ஒரு முறை கேட்டது. இரண்டாவது முறை சொல்லுமுன் நிலைக்கதவு அந்த டப்பாவைத் தூள் தூளாக்கி, அந்தத் தூளை அன்றைய விருந்தாளியின் வாயில் போட்டு, தாடையை மேலும் கீழும் அடித்து மெல்ல வைத்தது. நான் கடைக்குப் போயிருந்தேன். வருவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அவர் இப்போது கஞ்சி மட்டும் குடிக்கிறார் என்று கேள்வி.

"மேடம், உங்க வீடு எங்க பாலிசிக்குள்ள வரல" என்று சொல்லி அந்தப் பையன் தூணிலிருந்த இரும்புப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான். ஜூலை முடியப் போகிறது. வீடு காலி.

லெனார்டு சிங்கப்பூர்த் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். ஊர்க்காரன் எவனோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கப்பா கெட்டுன வீடுட்டி அது. என்னைய அடிக்குமா? நான் வந்து அதையும் அடக்குதேன், உன்னையும் அடக்குதேன். வீட்ட லாட்ஜா ஆக்குனியாமே?"

"இந்தாங்க, சிக்னல் சரியில்ல" என்று வைத்தேன். அன்று முழுக்க என் கை, நான் சொல்லாமலே, இடது காதை மூடிக்கொண்டு மூடிக்கொண்டு இருந்தது.

டீக்கடையில் இதே விஷயம் ஓடியது. உரியவனை வீடு அடிக்குமா, அடிக்காதா. அப்பன் கட்டின வீடு மகன்மேல் கைவைக்காது என்று ஒரு கட்சி. கட்டினது அப்பன் என்றாலும் கூட்டிப் பெருக்கியது யார் என்று தஸ்நேவிஸ் அண்ணாச்சி மட்டும் எதிர்க்கட்சி.

"அவன் எப்பவும் படியில நிப்பாம்ல" என்றார் ஒருவர். "லெனார்டு அந்த மரியாதைய விட்டதே கெடையாது."

உண்மைதான். விட்டதே கிடையாது. ஒவ்வொரு வருடமும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் நிற்பார், தெருவே பார்க்கும். நான் செம்பில் தண்ணீரோடு வந்து "வாங்க" என்பேன். போன வருடத்து உதடு ஆறி வெள்ளைத் தழும்பாகியிருக்கும், அதே உதட்டால்தான் சொல்வேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் மூன்றாவது கம்பெனி வந்தது. கம்பெனி என்றால் நஸ்ரின் என்ற ஒரு பெண், அவளுடைய ஸ்கூட்டி, ஒரு தோள்பை. கீழக்கரைக்காரி, கடலோரமாக ஐந்தாறு வீடுகளை எடுத்து நடத்துகிறாள். நான் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிற்கிறாள் என்று தெரியும். அவளைச் சோதித்துப் பார்க்கவென்று எல்லா நண்டையும் உடைத்து, கழுவி, சட்டியில் போட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போனேன். முக்காட்டின் விளிம்பு வேர்வையில் நனைந்திருந்தது. அப்படியே நின்றாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறே?"

"கூப்பிடாம எப்படிக்கா வர்றது?"

"வா."

உட்கார வைத்து என் கேள்வியைக் கேட்டேன். ஒரு ராத்திரிகூடக் காலியாக இருக்கக் கூடாது. அவள் மற்றவர்களைப் போலச் சிரிக்கவில்லை. கூடத்தைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள்.

"யாருக்குப் பயந்துக்கா?"

"கம்பெனி நடத்த வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?"

"இல்லக்கா, விருந்தாளி இருந்தா அடி விழாதுன்னு நெனைக்கிறீங்களோன்னு கேட்டேன். எங்க வீட்டுல விருந்தாளி இல்லாத நாளே கெடையாது. விருந்தாளி கை கழுவப் போற நேரம் போதும் எங்க அத்தாவுக்கு, உம்மாவ அடிக்க."

எனக்கு வந்த கோபத்தில் அவளை வெளியே போகச் சொன்னேன். பேப்பர் எல்லாம் தயார் செய்துகொண்டு கொடியேற்றத்தன்று வருகிறேன், அதற்குள் யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் நண்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றேன். கை கழுவப் போகிற நேரம். எங்கள் வீட்டில் கை கழுவும் தொட்டி கொல்லைப்பக்கம், போய்வர நிறைய நேரமாகும். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

கொடியேற்றத்தன்று மத்தியானம், கொடிமரத்தில் மாதா கொடி ஏறி, வெடிச்சத்தம் அடங்கி, ஊரே புதுத்துணியோடு எங்கள் தெரு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் லெனார்டின் கார் வந்து நின்றது. பெட்டிகள் இறங்கின. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, எல்லாருக்கும் ஒரு சிரிப்பு. தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் உட்கார இடம் பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே நஸ்ரின் தன் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றாள், கையில் பேப்பர்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். படியில் நின்றார்.

நான் கூடத்தில் ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"ஹில்டா, வந்துட்டேன்."

நான் ஈஸிசேரில் இன்னும் சாய்ந்துகொண்டேன்.

"ஹில்டா. வெயிலு."

வெயில்தான். ஆகஸ்ட் வெயில். ஜெனோவா மைனி தன் படியிலிருந்து, "பிள்ள, அண்ணன் நிக்காவ" என்றாள். நான் ஈஸிசேரின் கையைத் தடவிக்கொண்டிருந்தேன்; அது பூனை முதுகு மாதிரி லேசாக உயர்ந்து கொடுத்தது.

அவர் சட்டையின் முதுகு நனைந்தது. தெரு பார்க்கிறது என்பதை அவர் முதுகு உணர்வது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. சிரித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், "ஏ ஹில்டாக் குட்டி" என்றுகூடச் சொன்னார், கல்யாணத்துக்கு மறுநாள் சொன்னது. பிறகு அவர் குரல் கீழே இறங்கியது. எனக்கு மட்டும் தெரிந்த அந்தக் குரல்.

"கூப்பிடுட்டி."

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். வாய் தானாகத் திறந்துவிடும் என்று எனக்குப் பயம். அத்தனை வருடப் பழக்கம்.

"எங்கப்பன் வீட்டுக்கு நீ என்ன கூப்பிடுறது" என்று அவர் உள்ளே வந்தார்.

வீடு கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. அவர் என் எதிரில் வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்து, வலது கையை ஓங்கினார். ஓங்கிய கையை ஊஞ்சல் சங்கிலி பிடித்துக்கொண்டது.

பிறகு வீடு தொடங்கியது. மற்றவர்களை அது அடித்த அடியெல்லாம் கூப்பிடாமல் வந்ததற்கு. இதை அது வரிசைப்படி செய்தது. முதலில் பீரோக் கதவு அவர் உதட்டில், இடது ஓரத்தில், என் தழும்பு இருக்கிற அதே இடத்தில் அடித்தது. அடுத்து ஜன்னல் இடது காதில், அப்புறம் இன்னொரு தடவை அதே காதில். சங்கிலி விட்டதும் விழுந்தவரின் வலது கைச் சுண்டுவிரலைக் குழவி உருண்டு வந்து, எனக்குக் கோணிப்போன அதே கோணத்தில் கோணவைத்தது. மேஜை இழுப்பறை விலாவில் மோதியது. அது ஒரு கிறிஸ்துமஸ், கேக் மாவு என் கையில் இருந்தது. குடை வைக்கிற கம்பு முதுகில் விளாசியது, விளாசியது, விளாசிக்கொண்டே இருந்தது. அது எந்த வருடம் என்று எனக்கே மறந்துபோனது, வீட்டுக்கு மறக்கவில்லை. சுவரெல்லாம் ரத்தம் தெறித்தது. சுண்ணாம்பு அதை உடனே உறிஞ்சிக்கொண்டது, தாகமாக இருந்தது போல.

தெரு எழுந்து நின்றது. "ஹில்டா, சொல்லும்மா!" "செத்துருவாம்மா, வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லும்மா!" பங்குச்சாமி அங்கியோடு ஓடிவந்து படியில் நின்றுவிட்டார், தாண்டவில்லை. என் ஒரு வார்த்தை போதும் என்று ஊருக்கே தெரியும். இத்தனை பேருக்கு இத்தனை நல்ல காது இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"பிள்ள! கேக்க முடியலியே பிள்ள!" என்று ஜெனோவா மைனி அலறினாள்.

"மைனி" என்றேன், "ரேடியோவக் கூட்டி வைங்க."

லெனார்டு தப்பிக்க வழி தேடி, இருந்த வழிகளிலெல்லாம் மோசமான வழியைத் தேர்ந்தெடுத்து, மாடிப்படியில் தவழ்ந்து ஏறினார். படிகள் அவரை ஏறவிட்டன. மேல்படி வரைக்கும் விட்டன. அதைக் கடைசிக்கென்று வீடு எடுத்துவைத்திருந்தது என்று எனக்குப் புரிந்தது, நான் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கே நின்று என்னைத் தள்ளினாரோ அதே இடத்தில் நின்றிருந்தார். அவருக்கும் ஞாபகம் வந்ததை நான் பார்த்தேன். பிறகு மேல்படி அவரை உதைத்தது, அடுத்த படி வாங்கி அடுத்ததிடம் கொடுத்தது, ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்து, கடைசியில் என் காலடியில் கொண்டுவந்து போட்டது.

மூச்சு இருந்தது. ஒரு கண் திறந்திருந்தது. "கூப்பிடு" என்பது போல உதடு அசைந்தது.

எங்கள் ஊரில் யாரையும் வெறுமனே "போங்க" என்று சொல்வதில்லை. பிணத்தைத் தூக்கும்போதுகூட "போய்ட்டு வாங்க" என்றுதான் சொல்வோம். நான் ஈஸிசேரிலிருந்து எழுந்து, சேலைத் தலைப்பை உதறி இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, அவருக்கு நன்றாகக் கேட்கிற காதில் சொன்னேன்.

"போங்க."

அதோடு வேறெதையும் சேர்க்கவில்லை. தரை ஓடுகள் ஒன்றையொன்று தள்ளி அவரைக் கூடத்தின் குறுக்கே கொண்டுபோயின, நிலைப்படி முதுகை நிமிர்த்தி அவரைத் தெருவில் எறிந்தது, பர்மாத் தேக்குக் கதவுகள் இரண்டும் மெதுவாக, மரியாதையாக, மூடிக்கொண்டன. எலும்புக்கட்டு வைத்தியருக்கு அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை.

கூட்டம் கலைய நேரமாயிற்று. கதவைத் திறந்தபோது நஸ்ரின் இன்னும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் நின்றிருந்தாள்.

"வா, நஸ்ரின்."

உள்ளே வந்து, ஈரமாக இருந்த தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பேப்பரில் ஒன்று மட்டும் மாற்றச் சொன்னேன்: காலியாக இருக்கக் கூடாது என்பதை அடித்துவிட்டு, யாரைக் கூப்பிடுவது என்பது வீட்டுக்காரி இஷ்டம் என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். பேனாவை என்னிடம் நீட்டியவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? நாளைக்கு அவரே போன்ல ரூம் போட்டார்னா? பேரப் பாத்து வேணாம்னு சொல்ல எங்களுக்கு வழி இல்லியே."

"போடட்டும்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

போட்டார். நவம்பரில், கட்டுகள் எல்லாம் பிரித்த பிறகு. மழை வரப்பார்க்கிற ஒரு மத்தியானம், ஒரே ஒரு பெட்டியோடு, கோணின சுண்டுவிரலால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ரொம்பவும் கீழே, தெருவிலேயே நின்றார். தஸ்நேவிஸ் அண்ணாச்சி கடையில் டீ ஆற்றுவதை நிறுத்தினார். முன்கட்டில் இருந்த மதுரைக் குடும்பம் ஜன்னல் வழியாகப் பார்த்து, "ஆன்ட்டி, யாரோ நிக்கிறாங்க" என்றது.

"தெரியும்மா" என்றேன். மழையின் முதல் தூறல் ஓட்டில் விழுந்தது. நான் சட்டியில் கிடந்த சீலாமீனைத் திருப்பிப் போட்டேன். இந்தப் பக்கம் இன்னும் வேக வேண்டியிருந்தது.